அந்த இரண்டு மணித்தியாலங்கள்

எமது கல்லூரியின் நூறு ஆண்டுகளைப் பற்றி எழுத இந்த மலரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அதிபர்கள், வலைப்பந்தாட்டக் கிண்ணங்கள், தமிழ்த்தினப் போட்டிகள், 1983 ஜூலைக்குப் பின் வெறுமையாகிப்போன வகுப்பறைகள் எல்லாம் வேறு பக்கங்களில் வரும். எங்கள் வகுப்பினரிடம் ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்டபோது நாங்கள் கடலைப் பற்றி எழுதுகிறோம் என்றோம். மலர்க்குழுவில் இருந்த அக்கா சற்று யோசித்துவிட்டு, "அதுவும் எங்கட கதைதானே, எழுதுங்கோ" என்றார்.

வெள்ளவத்தையில் எந்த ஒழுங்கையில் இறங்கி நடந்தாலும் முடிவில் புகையிரதப் பாதையும் அதற்கப்பால் கடலும்தான். கொட்டாஞ்சேனையிலிருந்து 155ஆம் இலக்க பஸ்ஸில் வந்த எங்கள் தோழிகளுக்கும் கடல் புதிதல்ல. அவர்களுக்கு முகத்துவாரமும் காக்கைத்தீவும் இருந்தன. தமிழ்ப் பாடத்தில் "கடற்கரையில் ஒரு மாலைப்பொழுது" என்று ஆண்டுக்கு ஒரு கட்டுரையாவது எழுதியிருப்போம். சமூகக்கல்விப் பாடத்தில் யப்பான் வந்தபோது சுனாமி என்ற சொல்லும் ஒரு வரியில் வந்துபோனது. யப்பானுக்கு எரிமலை, பங்களாதேசத்துக்குச் சூறாவளி, எங்களுக்கு மழைக்கால வெள்ளம் என்று அனர்த்தங்களை நாடுவாரியாகப் பிரித்து மனனம் செய்துவிட்டுச் சாதாரண தரம் எழுதினோம்.

2004 டிசெம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா தினம், நத்தாருக்கு அடுத்த நாள். பாடசாலை விடுமுறை வேறு. சுமாத்திராவுக்கு மேற்கே கடலடித் தரை பிளந்தபோது எமது நாட்டில் காலை 6.59 மணி. (சில நூல்களில் 6.29 என்று இருக்கும். 1996 முதல் 2006 வரை இலங்கைக் கடிகாரம் அரை மணித்தியாலம் முன்னே ஓடியதை இளைய மாணவிகள் அறிந்திருக்கமாட்டார்கள். வன்னியில் அப்போதும் பழைய நேரமே. ஒரே தீவில் இரண்டு நேரங்கள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது.) பிளவு ஏறத்தாழ 1,200 கிலோமீற்றருக்கு நீண்டது; பின்னர் அதன் அளவை 9.1 என்று கணித்தார்கள். ஆழ்கடலில் அலை ஒரு ஜெட் விமானத்தின் வேகத்தில் வரும். அப்படி வந்தும் கிழக்குக் கரையைத் தொட ஒன்பது மணியளவானது. பேரலியாவுக்கு ஏறத்தாழ ஒன்பதரை. தீவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு கொழும்புக்கு வரும்போது பத்து மணிக்குச் சற்று முன்.

அதாவது கல்முனைக்கும் முல்லைத்தீவுக்கும் இரண்டு மணித்தியாலங்கள், கொழும்புக்கு ஏறத்தாழ மூன்று. ஒரு கர்ப்பிணித் தாயையும் ஒரு கிழவரையும் நான்கு குழந்தைகளையும் மெதுவாக நடத்திக்கொண்டு இரண்டு கிலோமீற்றர் உள்ளே போய், வழியில் ஒரு தேத்தண்ணியும் குடிக்கலாம். நாட்டில் 35,000க்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போனார்கள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேல். இந்து சமுத்திரம் முழுவதிலும் இரண்டு இலட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டியது. நேரம் போதாமல் இறந்தவர்கள் சுமாத்திராக் கரையில் இருந்தவர்கள். எமது மக்களுக்கு நேரம் இருந்தது.

அந்த நேரம் எங்கே போனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

7.14க்கு, அதாவது நிலம் அதிர்ந்து பதினைந்து நிமிடத்தில், ஹவாயிலுள்ள பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் ஒரு செய்தி வெளியிட்டது. நிலநடுக்கத்தின் அளவு 8.0 என்றும், பசுபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்றும் அது சொன்னது. சொன்னது சரியே, அவர்களுடைய பொறுப்பு பசுபிக். எட்டு மணி கடந்து வந்த இரண்டாவது செய்தியில் அளவு 8.5 ஆகியிருந்தது, மையத்துக்கு அருகே சுனாமி ஏற்படலாம் என்ற குறிப்பும் இருந்தது. இந்து சமுத்திரத்தில் யாரை எழுப்புவது என்பதற்கு அவர்களிடம் ஒரு பட்டியல் இல்லை. பட்டியல் இருந்திருந்தாலும் போயா ஞாயிறு காலை எமது பக்கத்தில் தொலைபேசியைத் தூக்கவேண்டியவர் யார் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பல்லேகலையில் உலக வலையமைப்பைச் சேர்ந்த நிலநடுக்கப் பதிவுக் கருவி ஒன்று இருந்தது. முகத்துவாரம் மீன்பிடித் துறைமுகத்தில், கொட்டாஞ்சேனைத் தோழிகளின் வீடுகளிலிருந்து நடை தூரத்தில், நாரா நிறுவனம் ஹவாய் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்திய கடல்மட்ட அளவுகருவியும் இருந்தது. அது அலையைப் பதிந்தது, அலை வந்த பிறகு.

ஆகக் கருவி இருந்தது. கருவிக்கும் கரையில் மீன் கூறுபோட்டுக்கொண்டிருந்த மனிதருக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை.

வைத்தியர்களான எங்களுக்கு இந்த இடைவெளி விளங்கப் பல ஆண்டுகள் சென்றன. எமது நாட்டில் ஒரு வைத்தியர் டெங்கு என்று சந்தேகித்தால் ஒரு படிவம் நிரப்புவார். அது சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போகும். அவரது பணிமனையிலிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ நோயாளியின் வீட்டு வாசலுக்கே வந்து பூச்சாடியைக் கவிழ்த்துப் பார்ப்பார். பெரிய இயந்திரம் எதுவும் அதில் இல்லை. யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. சுனாமிக்குப் பின் முகாம்களில் பெருந்தொற்று எதுவும் வராமற் போனதற்கு வெளிநாட்டு மருந்துப் பெட்டிகளைவிட அந்தப் பரிசோதகர்களும் குடும்பநல மருத்துவ மாதுகளும்தான் பெரிய காரணம் என்பது எங்கள் அபிப்பிராயம். இந்தச் சங்கிலியை நுளம்புக்கு நூறு ஆண்டுக்காலமாகக் கட்டிவைத்திருந்த நாடு, கடலுக்கு அப்படியொன்றைக் கட்டியிருக்கவில்லை.

அன்றைய தினம் ஒரேயோர் இடத்தில் மாத்திரம் ஒரு சங்கிலி வேலை செய்யப் பார்த்தது: புகையிரதத் திணைக்களத்தில்.

கோட்டையிலிருந்து காலை 6.50 அளவில் மாத்தறைக்கான 50ஆம் இலக்கப் புகையிரதம் புறப்பட்டது. கடலோரப் பாதை என்பதால் எமது வெள்ளவத்தையைத் தாண்டித்தான் போகவேண்டும். கணக்குப் பார்த்தால் சுமாத்திராவில் தரை பிளந்த நிமிடங்களும் அந்த வண்டி எங்கள் ஒழுங்கைகளின் முனையைக் கடந்த நிமிடங்களும் ஏறத்தாழ ஒன்றே. போயாவுக்கும் நத்தார் விடுமுறைக்கும் ஊர் போகும் சனம் நிறைந்திருந்தது. கிழக்கிலும் தெற்கிலும் கடல் ஏறுகிறது என்ற செய்தி வந்ததும் மருதானைக் கட்டுப்பாட்டு அறையினர் கடலோரப் பாதையில் எட்டு வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். மாத்தறை வண்டியை நிறுத்த அம்பலாங்கொடை நிலையத்துக்கு அழைப்பெடுத்தார்கள். நிலைய ஊழியர் அத்தனை பேரும் மேடையில் அதே வண்டியைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. எடுத்தபோது வண்டி போய்விட்டது.

பேரலியாவில் முதல் அலை வண்டியைச் சூழ்ந்து நிறுத்தியது. பெட்டிகள் கனமானவை, உயரமானவை என்று நம்பி ஊர்ச்சனம் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு உள்ளே ஏறியது. சிலர் கூரைமேலும் ஏறினார்கள். பின்னால் வந்த பெரிய அலை பெட்டிகளைப் பாதையிலிருந்து பிடுங்கி எறிந்தது. இறந்தவர்கள் 1,000க்குக் குறையாது. 1,700 என்ற கணக்கும் உண்டு. உலகின் புகையிரத வரலாற்றில் இதைவிடப் பெரிய உயிரிழப்பு இல்லை. கனடாவில் இருக்கும் எங்கள் தோழிகளுக்காக ஒன்று: அந்த வண்டியை இழுத்த 591ஆம் இலக்க எஞ்சின் கனடாவிலிருந்து வந்தது, பெயர் மனிடோபா. திருத்தப்பட்டு 2008 டிசெம்பர் 26 அன்று மறுபடி ஓடத் தொடங்கியது.

அம்பலாங்கொடை ஊழியர்மேல் குற்றம் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அவர்கள் தங்கள் வேலையில்தான் நின்றார்கள். ஒரேயொரு தொலைபேசியை நம்பிய ஏற்பாடு அது.

அதே நேரம் வெள்ளவத்தையில் வேறு தொலைபேசிகள் அடித்துக்கொண்டிருந்தன. எங்கள் தொடர்மாடிகளில் மட்டக்களப்பு, கல்முனை, திருகோணமலை, பருத்தித்துறைச் சொந்தம் இல்லாத வீடு எது? ஒன்பதேகால், ஒன்பதரைக்கு அழைப்புகள் வரத் தொடங்கின. "கடல் ஊருக்குள்ள வந்திட்டுது" என்பார்கள், பிறகு இணைப்பு அறுந்துவிடும். நாங்களும் கேட்டோம், அழுதோம், திரும்பத் திரும்ப எண்ணைச் சுழற்றினோம். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து இருநூறு யார் தள்ளியும் அதே கடல்தான் இருக்கிறது என்ற எண்ணம் எவருக்கும் வரவில்லை. பத்து மணிக்குப் பிறகு நீர் உள்வாங்கி, நாங்கள் ஒருநாளும் கண்டிராத பாறைகள் வெளியே தெரிந்தபோது, எங்கள் ஒழுங்கைச் சனம் புகையிரதப் பாதையில் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தது. நாங்களும் நின்றோம். அப்போது எங்களில் சிலர் வைத்திய பீடத்து மாணவிகள். கொழும்பு மாவட்டத்தில் இறந்தவர்கள் நூறு பேரை எட்டாததற்குக் காரணம் எங்கள் அறிவு அல்ல. தீவின் மறுபக்கத்தில் இருந்தோம், அவ்வளவுதான். முகத்துவாரத்திலும் மொரட்டுவையிலும் கரையோரக் குடிசைகளில் இருந்தவர்களுக்கு அந்த அதிர்ஷ்டமும் அரைகுறையாகவே கிடைத்தது.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறோம். தாய்லாந்தின் புக்கெற் தீவில் மைக்காவோ கடற்கரையில் பத்து வயது ஆங்கிலச் சிறுமி டில்லி சிமித் கடல் நுரைத்துப் பின்வாங்குவதைக் கண்டு, இரண்டு கிழமைக்கு முன் புவியியல் வகுப்பில் படித்தது இதுதான் என்று தாயிடம் அடம்பிடித்தாள். அந்தக் கடற்கரை காலியானது, அங்கே எவரும் இறக்கவில்லை. புதுச்சேரியின் நல்லவாடு என்ற மீனவக் கிராமத்தில், சிங்கப்பூரில் வேலைசெய்த ஊர்ப்பையன் ஒருவர் அங்கே செய்தி கேட்டு ஊருக்கு அழைத்தார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவருக்குக் கடல்நிலையும் மீன்விலையும் சொல்ல வைத்திருந்த ஒலிபெருக்கி அந்த ஊரில் இருந்தது. அதிலே சொல்லி ஊரைக் கிளப்பினார்கள். வீடுகள் போயின, ஓர் உயிரும் போகவில்லை. கென்யாவுக்கு அலை போய்ச்சேர ஏழெட்டு மணித்தியாலம் ஆனது. அதற்குள் தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்தே கடற்கரைகளிலிருந்து ஆட்களை அகற்றினார்கள். ஒருவர் மட்டுமே இறந்தார்.

இவற்றில் எங்கள் நெஞ்சை விட்டு அகலாதது சிமெயுலுவே. நிலநடுக்க மையத்துக்கு மிக அருகே உள்ள சுமாத்திராத் தீவு அது. அலை வரப் பத்து நிமிடமும் இல்லை. எந்த எச்சரிக்கை நிலையமும் அவர்களை எட்டியிருக்க முடியாது. மக்கள் தொகை ஏறத்தாழ 78,000. இறந்தவர்கள் ஏழு பேர். 1907இல் அந்தத் தீவை ஒரு பேரலை அழித்தது. அதற்கு அவர்கள் மொழியில் 'ஸ்மொங்'. நிலம் பலமாக ஆடினால், கடல் வற்றினால், மலைக்கு ஓடு என்று பாட்டிமார் தாலாட்டிலும் கதையிலும் 97 ஆண்டு சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

97 ஆண்டு என்பது ஏறத்தாழ எமது கல்லூரியின் வயதுதான். எம்மிடம் அப்படியொரு ஞாபகம் இல்லாமலில்லை. 1883 ஆகஸ்ட் 27இல் கிரக்கற்றோவா எரிமலை வெடித்தபோது காலித் துறைமுகத்தில் கடல் வற்றித் திரும்பியதையும், கிழக்கே பானமையில் அலையில் அகப்பட்ட ஒரு பெண் இறந்ததையும் அக்காலத்தவர் எழுதிவைத்தார்கள். எரிமலை பற்றி லண்டன் றோயல் சங்கம் 1888இல் வெளியிட்ட பெரிய அறிக்கையில் இலங்கையின் குறிப்புகளும் உண்டு. அதற்கு முந்திய காலத்துக்கு மகாவம்சத்தில் களனிதிஸ்ஸ மன்னன் காலத்துக் கடல்கோள் இருக்கிறது. களனி கங்கை கடலில் விழும் இடம் கொட்டாஞ்சேனைக்கு மிக அருகேதான். உயர்தரத்தில் சிலப்பதிகாரம் படித்தவர்கள் கடல்கொண்ட குமரியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். கடல்கோள் என்ற சொல் எங்கள் வாயில் எப்போதும் இருந்தது. அது ஒரு நாள் காலையில் ஒழுங்கை முனையில் நடக்கக்கூடியது என்று மட்டும் தோன்றவில்லை. 2004க்குப் பிறகு ஹம்பாந்தோட்டைக்கு அருகே கரகன் களப்பின் அடிச்சேற்றைக் குடைந்து பார்த்த ஆய்வாளர்கள், ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் பல பேரலைகள் விட்டுப்போன மணற்படைகளைக் கண்டார்கள். சேறு மறக்கவில்லை, மறந்தது மனிதர்தான்.

ஆனால் சிமெயுலுவேயின் பாடத்தை அப்படியே எடுத்து இங்கே போட முடியாது. அவர்களுக்கு நிலம் ஆடிக் காட்டியது. எமக்கோ பிளவு 1,600 கிலோமீற்றர் தள்ளி; பெரும்பாலானோர் எந்த அதிர்வையும் உணரவில்லை. கடல் முதலில் வற்றும் என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பிளவுக்குக் கிழக்கே தாய்லாந்துப் பக்கம் முதலில் பள்ளம் வந்தது, ஆகவே கடல் வற்றியது. மேற்கே எமது பக்கம் முதலில் வந்தது மேடு. கல்முனையில் கடல் வற்றிக் காட்டாமலே ஏறியது. முதல் அலை திரும்பிப் போகும்போதுதான் தரை தெரிந்தது. முடிந்தது என்று எண்ணி மீனும் பொருளும் பொறுக்கப் போனவர்களை அடுத்த அலை கொண்டுபோனது. ஆகையால் எமக்கு இரண்டும் வேண்டும்: தொலைவிலிருந்து செய்தி வரவும் வேண்டும், வந்த செய்தியை நம்பி எழும்பும் பழக்கமும் வேண்டும்.

முதலாவதை நாடு கட்டியது என்று நேர்மையாகச் சொல்லவேண்டும். 2005 மே மாதம் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அதன்கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்தது. 117 என்ற எண் வந்தது. கரையோரத்தில் 77 எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. இந்து சமுத்திரத்துக்கென்று ஒரு வலையமைப்பை யுனெஸ்கோவின் கடலியல் ஆணைக்குழு ஒருங்கிணைத்தது. முதலில் ஹவாயும் யப்பானும் இடைக்காலமாகச் செய்தி தந்தன. 2011 ஒக்டோபரிலிருந்து அவுஸ்திரேலியா, இந்தியா, இந்தோனேசியா ஆகிய மூன்றின் நிலையங்கள் அந்த வேலையை எடுத்தன. இன்று சுமாத்திராவில் நிலம் ஆடினால் சில நிமிடங்களில் ஹைதராபாத் நிலையத்தின் கணிப்பு கொழும்பில் வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு வரும். அங்கிருந்து அனர்த்த முகாமைத்துவ நிலையம், பொலிஸ், முப்படை, வானொலி, கோபுரங்கள், கிராம உத்தியோகத்தர் என்று இறங்கும். டெங்குப் படிவத்தைப் போல யார் யாருக்கு என்பது எழுதப்பட்டுவிட்டது. கடலில் மிதக்கும் கருவிகளும் உப்புக்காற்றில் நிற்கும் கோபுரங்களும் தொடர்ந்து செலவு கேட்பவை என்பதும், அலை வராத ஆண்டுகளில் அந்தச் செலவுக்குக் கை சுருங்கும் என்பதும் வேறு கதை.

இரண்டாவது, அதாவது எழும்பும் பழக்கம், கொஞ்சம் சிக்கலானது. 2005 மார்ச் 28 இரவு பத்து மணிக்குப் பின் நியாஸ் தீவருகே 8.6 அளவில் நிலம் ஆடியபோது மூன்று மாதக் காயம் பச்சையாக இருந்தது. சொல்ல முன்பே சனம் ஓடியது. முகாம்களில் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அலை வரவில்லை. 2007 செப்டெம்பரில் மறுபடி எச்சரிக்கை, மறுபடி வரவில்லை.

2012 ஏப்ரல் 11 எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன், புறக்கோட்டையில் சனம் நெரிந்த பிற்பகல், இரண்டு மணி கடந்து 8.6. அலுவலகங்களை மூடி எல்லோரையும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கடலோரப் புகையிரதங்கள் நின்றன. காலி வீதி அசையவில்லை. கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்கு, அதாவது கடலோரமாகவே, பிள்ளைகளை எடுக்க வாகனத்தில் போனவர்கள் பாதி. எங்கள் கைத்தொலைபேசிக்கு வந்த முதல் குறுஞ்செய்தி தமிழில் இல்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு தோழி அதை வாசித்துத் தாய்க்கும் பக்கத்து வீட்டாருக்கும் தமிழில் சொன்னாள். கைத்தொலைபேசியை உயர்த்திக்கொண்டு மெரைன் டிரைவில் அலையைப் படம்பிடிக்க நின்றவர்களையும் கண்டோம். மாலையில் எச்சரிக்கை விலக்கப்பட்டது. அடுத்த நாள் பஸ்ஸில் ஒருவர், "சும்மா பயப்படுத்திறாங்கள்" என்றார், பலர் தலையாட்டினார்கள்.

அந்தத் தலையாட்டலுக்குத்தான் நாங்கள் பயப்படுகிறோம். அன்று ஆடிய பிளவு தட்டுகள் பக்கவாட்டில் உரசிய பிளவு. தரை மேலே எழாததால் நீரைத் தூக்கவில்லை. ஆனால் நிலம் ஆடிய முதல் நிமிடங்களில் அளவு தெரியும், உரசிய திசை உடனே தெரியாது. ஆழ்கடல் கருவியும் கரையோர அளவுகருவிகளும் சொன்னால்தான் உறுதி. அதுவரை காத்திருந்தால் 2004. எங்கள் தொழிலில் நெஞ்சு நோவென்று இரவு இரண்டு மணிக்கு வருபவருக்கு ஈசிஜி எடுக்கிறோம், இரத்தம் பார்க்கிறோம், பெரும்பாலும் வாயுக்கோளாறு என்று காலையில் அனுப்புகிறோம். எவரும் "சும்மா பயப்படுத்தினீர்கள்" என்று சண்டைக்கு வருவதில்லை. கடலுக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

ஒரு பெண்கள் பாடசாலையின் மலர் என்பதால் இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறோம். அம்பாறை மாவட்ட முகாம்களில் தங்கியிருந்த குடும்பங்களிடையே நடத்தி 2006இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவிலும், பெண்களில் பதினேழு பேருக்கு மேலும் இறந்திருந்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. வெளியே நின்றவர்களைவிட வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு ஆபத்து அதிகம். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்குள் யார் இருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி அந்த விடுமுறைக்குக் கல்முனைக்குப் போயிருந்தாள். "கடல் வருது, கடல் வருது" என்று சனம் கத்திக்கொண்டு ஓடியபோது அவளும் தாயும் படலையைத் தாண்டிவிட்டார்கள். தாய் உள்ளே படுத்திருந்த பாட்டியை எழுப்பப் போனார். அவள் பலாமரமொன்றில் தொற்றிக்கொண்டாள். பத்து வயதில் மரம் ஏறியதற்காகத் தாயிடம் அடிவாங்கிய பிள்ளை அவள். பாட்டியும் தாயும் கிடைக்கவில்லை. இரண்டு கிழமை கழித்து மருந்துப் பெட்டிகளோடு அந்தப் பக்கம் போன எங்களில் மூவரை அவள் ஒரு பாடசாலை முகாமில் கண்டாள். மணல் புகுந்த காயங்களும் கடல்நீர் உள்ளே போன நெஞ்சுகளும் நிறைந்த அந்த மண்டபத்தில், எங்களுக்குத் தேத்தண்ணி கிடைக்குமா என்று அவள்தான் ஓடித்திரிந்தாள். நீந்தத் தெரியாதது, சேலை காலில் சுற்றியது, கூந்தல் முட்கம்பியில் சிக்கியது, பிள்ளையை விட்டு ஓட மனம் வராதது என்று அந்த மண்டபத்தில் கேட்ட கதைகள் எல்லாம் பெண்களுடைய கதைகள். எங்கள் காலத்தில் எங்களுக்கு நீச்சல் கற்பிக்கப்படவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கடலுக்கு ஐந்து நிமிடத்தில் இருந்துகொண்டு பன்னிரண்டு வருடம் படித்தோம்.

அவள் இப்போது சிட்னியில் இருக்கிறாள். இரண்டு மகள்மாரும் நீந்துகிறார்கள்.

சென்ற டிசெம்பர் 26 காலை 9.25க்கு நாடு முழுவதும் இரண்டு நிமிட மௌனம் நடந்தபோது, கொழும்பில் இருக்கும் எங்களில் ஆறு பேர் எங்கள் பழைய ஒழுங்கையின் கடல் முனையில் நின்றோம். மௌனம் முடிந்ததும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தோம். கால்வலியோடு ஒருத்தியின் எண்பத்திரண்டு வயது அம்மாவும் வந்தார். காலி வீதிக்குப் பத்து நிமிடம். கடந்து ஹவ்லொக் வீதிப் பக்கம் போக இன்னும் பன்னிரண்டு. நடக்க முடியாதவர்களுக்கு ஒழுங்கை நடுவில் மூன்றாம் மாடிக்கு மேல் ஏறக்கூடிய உறுதியான தொடர்மாடிகள் இப்போது எத்தனையோ இருக்கின்றன. வாயிற்காவலாளி மூவரிடம் கேட்டோம், இருவர் படிக்கதவு எப்போதும் திறந்துதான் இருக்கும் என்றார்கள், ஒருவர் சாவி முகாமையாளரிடம் என்றார். அம்மா வழியில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினார். "இவ்வளவுதானா?" என்று கேட்டார்.